வட்டவாய்

ஆண்டி மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. ராமாமிர்தம் செத்துக் கிடந்ததைப் பார்த்தே ஐந்து மணி நேரமாகியிருந்தது. மூக்குக்குக் கீழிருந்து நெஞ்சுவரை கிடந்த பச்சைக்கரைத் துண்டின் இரண்டு ஓரத்தையும் பத்து விரலாலும் பிடித்தபடியே விறைத்துக் கிடந்தார். கையை நேராக்கி உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும், துண்டை எடுத்துவிட்டு நாடிக்கட்டுப் போட வேண்டும். இரண்டும் ஆகிற காரியமாகத் தெரியவில்லை.

வெந்நீர் கொஞ்சம் ஊற்றினால் விட்டுவிடும் என்றார் ஆண்டி. திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருஷமாகச் சாவுக்காரியம் பார்க்கிறவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"கைய மட்டும் பிரிங்க. துண்டு அப்படியே இருக்கட்டும்," என்றாள் மகள் பவானி. "நாடிக்கட்டு வேணாம்."

கூடத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பங்காளிகள் நாடிக்கட்டு இல்லாத பிணத்தைப் பார்த்ததில்லை. செத்தவரின் தங்கை லோகநாயகி, நாடியைக் கட்டாவிட்டால் வாய் பிளந்துகொள்ளும், ஈ மொய்க்கும், பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்று ஆரம்பித்தாள். நாடி இருந்தால் அல்லவா கட்டலாம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் புதுச்சேரியில் வைத்து அவருடைய கீழ்த்தாடையை இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம்வரை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் போட்ட வெற்றிலையும் புகையிலையும் உள்ளே அரித்திருந்தன. நெஞ்சிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்துப் பார்த்தார்கள், அது சேரவில்லை. மேல்வரிசைப் பல், அதற்குக் கீழே மடிந்து தொங்கும் தோல், பாதி நாக்கு, ஓயாத எச்சில் என்று அந்த முகம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பகலும் இரவும் துண்டுதான். வாயில் ஆபரேஷன் என்பதற்குமேல் உறவுக்குத் தெரியாது; அதற்குள் இருந்ததைப் பார்த்தது பவானி ஒருத்திதான். தினம் மூன்று வேளை புண்ணைத் துடைத்து மருந்து வைத்தவள் அவள்.

ராமாமிர்தம் விலங்கியல் வாத்தியார். திருப்பாதிரிப்புலியூரில் காலைப் பாசஞ்சர் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கி ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருஷம் பாடம் எடுத்தார். அவருக்கென்று ஒரு பாடம் இருந்தது: தாடையில்லாத மீன்கள். மீன்களிலேயே ஆதியில் வந்த கூட்டம், இன்றைக்கு மிச்சம் இருப்பது இரண்டே வகை. நம் பக்கத்து வலையில் எவனும் பிடித்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துக் கிடப்பவைதான். ஆனால் அவர் பேசினால் அவை கெடில ஆற்றில் நேற்றுத்தான் மாட்டியவை என்று தோன்றும்.

கரும்பலகையில் கையை எடுக்காமல் ஒரு வட்டம் போடுவார். அதுதான் லாம்ப்ரே என்கிற வகையின் வாய், வட்டவாய் என்பார். வட்டத்துக்குள் வட்டமாகப் பற்கள். எலும்பு இல்லை, நம் நகத்தில் இருக்கிற சரக்கு. நடுவில் முன்னும் பின்னும் போய் வரும் நாக்கு, அதன் நுனியிலும் பல். வேறொரு மீனின் விலாவில் வாயை வைத்து ஒட்டிக்கொள்ளும், நாக்கால் ராவி ராவித் தோலில் ஓட்டை போடும், ரத்தம் உறையாமல் இருக்க எச்சிலை விட்டு உறிஞ்சும். அடுத்தது ஹேக் மீன். அதற்கு ஒட்டவும் தெரியாது. செத்த மீன் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். சதையைப் பிய்க்கத் தாடை வேண்டுமே, அதற்கு என்ன செய்யும்? தன் உடம்பிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தலைவரைக் கொண்டுவந்து அழுத்தி, அந்த முட்டுக்கொடுப்பில் இழுக்கும். போதாததற்குத் தோலாலேயே சாப்பாட்டை உறிஞ்சிக்கொள்ளும். இந்த இடத்தில் பையன்கள் கைதட்டுவார்கள்.

பவானியும் அந்த வகுப்பில் படித்தவள்தான். மகள் என்பதால் கடைசி பெஞ்சு. இரண்டாம் வருஷம் ரெக்கார்டு நோட்டில் லாம்ப்ரேயின் தலையை நெடுக்காக வெட்டியதுபோல வரைந்து பாகம் குறித்தாள். நாக்கைத் தாங்கும் குருத்தெலும்புக்கு நேராகக் கோடு இழுத்து, கை போன போக்கில் 'கீழ்த்தாடை' என்று எழுதிவிட்டாள். தாடை இல்லாததனாலேயே பேர் வாங்கிய பிராணிக்குத் தாடை. அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து வகுப்பு முழுக்கக் காட்டினார். அதையே தன் முகவாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இது என் மகள் கண்டுபிடித்த புது வகை என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். செய்முறைத் தேர்வில் இரண்டு மார்க்கில் பெயிலாக்கினார். அடுத்த தையில் மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்.

கட்டியவன் சரியில்லை. ஒன்பது வருஷம் பொறுத்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அம்மா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். தம்பி செந்தமிழ்ச்செல்வன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாசலில் மகளைப் பார்த்த ராமாமிர்தம் உள்ளே வா என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்ட ரெண்டு ஜாடியும் இருக்குதுங்க. இது, உசுரோட இருக்கும்போதே ஒட்டிக்கினு உறிஞ்சும். பெங்களூர்ல இருக்கறது நான் செத்தப்புறம் உள்ள பூந்து தின்னும்."

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். அந்த நாக்கில் பாதியை டாக்டர் எடுத்த அன்று பவானி அழவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, இனிமேல் எவளை எப்படிப் பேசுவே, பேசு பார்க்கலாம் என்று மனசுக்குள் கேட்டாள். கேட்டதற்காக வெட்கப்படவும் இல்லை.

பேச்சு போனதே ஒழிய வாய் போகவில்லை. நோட்டு வாங்கிக்கொண்டார். கரும்பலகையில் எழுதிய அதே குண்டு எழுத்தில் கஞ்சி புளிப்பு என்று எழுதுவார், உன் கையில் நாற்றம் என்று எழுதுவார். அவள் எழுதிவைத்த மருந்துச் சீட்டில் பிழை திருத்துவார். வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு வேளை பெரிய ஊசிக்குழலில் கஞ்சியும் பாலும் அடித்த முட்டையும் வடிகட்டிய மீன் சாறும் ஏற்ற வேண்டும். மீன் குழம்பு வைத்த அன்று கிண்ணத்தை முதலில் அவர் மூக்குக்கு நேராகப் பிடிக்க வேண்டும், அது அவர் போட்ட சட்டம். கண்ணை மூடி மூச்சை இழுப்பார். அந்த நேரம் மட்டும் எதுவும் எழுத மாட்டார்.

எட்டாம் மாதம் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்து நோட்டில் படம் வரைந்தார். எட்டுப் பாகம், எட்டுக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது. தலைப்பில் 'வட்டவாய், ஆண், வயது 74'. பவானிக்குக் காட்டவில்லை, தலையணை உறை மாற்றும்போது அவளாகப் பார்த்தது. அன்று மட்டும் அவள் கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றாள்.

மூன்று நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை அது நடந்தது. கஞ்சி ஆறிப்போய்விட்டது என்று ஊசிக்குழலைப் பிடுங்கி அவள் மூஞ்சியில் அடித்தார். கண்ணில் பட்டுவிட்டது. புடவை முழுக்கக் கஞ்சி. அவளிடம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கட்டிலருகே குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீ செத்த அன்னைக்கி ஒன் ஸ்டூடண்ட்ஸ் அத்தினி பேரையும் கூப்புடுவேன். கூப்ட்டு இந்தத் துண்ட உருவுவேன். நல்லா பாக்கட்டும்."

ராமாமிர்தம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்தார். எழுதி முடிக்க நேரமானது. 'வேண்டாம் பவானி' என்று இருந்தது. அவள் பேரை அவர் எழுதியதே அதுதான் முதல் தடவை. முன்னெல்லாம் 'இவள்', இல்லாவிட்டால் வெறும் ஏவல்.

மாட்டேன்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று மாலையிலிருந்து அவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தூங்கும்போதும் விடவில்லை. புண்ணைத் துடைக்கப் போனால் உடம்பு நடுங்கும், கெஞ்சுகிற கண்ணோடு விரலைத் தளர்த்துவார். நோட்டைத் தொடவே இல்லை. அந்தப் பயம் பவானிக்கு இனித்தது. முப்பது வருஷத்துக்கு ஒரு மூன்று நாள் பயப்படட்டுமே, ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கஞ்சியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது மணி பத்தரை. வெந்நீர் ஊற்றியும் விரல்கள் துண்டை விடவில்லை. கை அப்படியே இருக்கட்டும், மேலே வேட்டியைப் போர்த்திவிடலாம் என்று ஆண்டி முடிவு செய்தார். கால் கட்டைவிரலைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து ஒட்டினார். குளிப்பாட்டுவதைக் கதவைச் சாத்திக்கொண்டு பவானியே செய்தாள். பெண்பிள்ளை அப்பனைக் குளிப்பாட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று வெளியே முணுமுணுத்தார்கள்.

பதினோரு மணிக்குச் செல்வன் காரில் வந்து இறங்கினான். பதினாலு மாதத்தில் மூன்று தடவை வந்தவன். மூன்று தடவையும் அறை வாசலில் நின்று, நல்லா பாத்துக்கோக்கா என்று சொல்லிவிட்டுப் போனவன். இன்று பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு பெரிதாக அழுதான். பொய்யான அழுகை என்று சொல்ல முடியாது. சிதம்பரத்திலிருந்து பழைய மாணவர்கள் இருபது பேர் ஒரே மாலையாக வாங்கி வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, கல்லூரியின் பழைய லேப் அட்டெண்டர் லூர்துசாமி ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அவர்களைப் பார்த்ததும் பவானி கட்டிலுக்குக் கிட்டே நகர்ந்து நின்றாள். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே வந்து நின்றார்கள்.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. செல்வனைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். கை நிறைய அரிசி எடுத்துக் கொடுத்து, துண்டை இறக்கிவிட்டு வாயில் போடு என்றாள் லோகநாயகி.

"துண்டு இருக்கட்டும். மேலயே போடு," என்றாள் பவானி.

"அதெப்படிக்கா. மொகத்தக்கூடப் பாக்காம கொள்ளி வைக்கச் சொல்றியா?"

"அவருக்குப் புடிக்காது, செல்வா."

"செத்தவருக்கு இன்னா புடிக்கும், புடிக்காது?"

பங்காளிகளில் வயதான ஒருவர், குளிப்பாட்டும்போதும் கதவைச் சாத்தினாய், இப்போது முகத்தையும் காட்டமாட்டேன் என்கிறாய், மூடி வைக்கிற அளவுக்கு அப்படி என்ன நடந்தது என்று கேட்டார். ஒருத்தரும் அவரை அதட்டவில்லை. லோகநாயகி தன் அண்ணன் நேற்று ஃபோனில் பேசும்போது நன்றாகத்தானே இருந்தார் என்றாள். அண்ணன் ஃபோனில் பேசிப் பதினாலு மாதமாயிற்று என்று பவானி சொல்லியிருக்கலாம். அவள் கண் செல்வனின் கையிலேயே இருந்தது. மாணவர்கள் எட்டிப் பார்க்க வசதியாக நெருங்கி வந்தார்கள். லூர்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார் மொகத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறோம்மா என்றார்.

செல்வன் துண்டின் மேல் ஓரத்தைப் பிடித்தான். ராமாமிர்தத்தின் விரல்கள் கீழே இழுத்துப் பிடித்திருந்ததால் அது சட்டென்று வரவில்லை. அவன் இன்னொரு கையையும் வைத்தான்.

"எடுக்காத, தொத்திக்கும்," என்றாள் பவானி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. புண்ணில் ஒரு கிருமி பிடித்துவிட்டது, எந்த மருந்துக்கும் சாகாத கிருமி, திறந்தால் காற்றில் பரவுமாம், அதனால்தான் நானே குளிப்பாட்டினேன், யாரையும் கிட்ட விடவில்லை என்று கோவையாகச் சொல்லிக்கொண்டு போனாள். கொரோனாவைப் பார்த்த ஊருக்கு அவ்வளவே போதும்.

செல்வன் துண்டை விட்டான். கையைத் தன் சட்டையில் துடைத்தான், பிறகு சட்டையைப் பார்த்தான். எழுந்து வாசலுக்குப் போய் சானிடைசர் கேட்டான். பங்காளிகள் வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாணவர்கள் கொண்டுவந்த மாலை வாசற்படியிலேயே கிடந்தது. முப்பது வருஷம் வெறுங்கையை ஃபார்மலினில் விட்டுச் செத்த மீன்களைத் தூக்கிய லூர்துசாமி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார். யாரோ ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்து வாசலில் கோடு போட்டார்கள். இருக்கும்போது நாக்காலேயே ஊரைத் துரத்தியவர், செத்த பிறகு வாயைத் திறக்காமலே துரத்திவிட்டார்.

செல்வன் முகக்கவசமும் ப்ளாஸ்டிக் உறையும் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அறை நிலைப்படியில் நின்றே அரிசியை வீசினான். கொஞ்சம் துண்டில் விழுந்தது, மிச்சம் கட்டில் காலடியில் சிதறியது. செத்தவன் வாயில் மண்ணு, இருக்கிறவன் வாயில் சோறு என்பது பழமொழி; இங்கே அந்த மண்ணைப் போடக்கூட ஆள் கிட்ட வரவில்லை. சீக்கிரம் எடுத்துவிடலாம், மேளம் வேண்டாம் என்றான் செல்வன். சொல்லும்போதே ஒரு அடி பின்னால் போனான். பயந்தவனை என்ன சொல்வது, அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பவானி நினைத்தாள். தான் செய்த காரியம் அப்போதுதான் முழுசாக உறைத்தது. முகத்தைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் பதினாலு மாதம் ஒரு பருக்கை படாத வாய், பிள்ளை கையால் கடைசி அரிசியும் இல்லாமல் போகப்போகிறது. இதற்கு அந்தத் துண்டை உருவியே இருக்கலாமோ என்று ஒரு நொடி தோன்றியது.

அறையில் அவளும் ஆண்டியும்தான் மிச்சம். ஆண்டி வேட்டியைச் சரியாகப் போர்த்திவிட்டு நிமிர்ந்தார். காலையிலிருந்து அந்த விரல்களோடு மல்லுக்கட்டியவர் அவர்தான்.

"நெசமா தொத்துமாம்மா? எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குது."

பவானி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தொத்தாதுண்ணே. ஒண்ணியும் இல்ல. அவுரு மொகத்த யாரும் பாக்கக் கூடாது, அதான்."

ஆண்டி வேட்டியின் ஓரத்தை இன்னொரு தடவை இழுத்துவிட்டார். ஒரு பிணத்தை இப்படி நாயாக்கிவிட்டாயே என்று கேட்பார் என்று பவானி எதிர்பார்த்தாள், கேட்டிருந்தால் அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துத் துண்டின் மேல் வைத்துவிட்டுச் சுடுகாட்டிலும் துண்டை யாரும் விலக்காமல் தானே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பாடைக்குக் கயிறு எடுக்க வெளியே போனார்.

பவானி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அரிசியை வலது கையில் அள்ளிக்கொண்டு, துண்டைத் தூக்காமல் பக்கவாட்டில் உள்ளே கையை நுழைத்தாள். பார்க்க வேண்டிய தேவை இல்லை. எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். மேல்வரிசைப் பல், மடிந்த தோல், பாதி நாக்கு. அங்கே வைத்தாள். அரிசி நிற்கவில்லை. கழுத்து வழியாகச் சரிந்து இந்தப் பக்கம் வந்து கட்டில் பாயில் கொட்டியது. பொறுக்கி எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் சரிந்தது. மூன்றாம் தடவை கையை வெளியே எடுக்காமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"மாட்டேன்ப்பா," என்றாள். மூன்று நாள் கழித்துச் சொல்கிறோம் என்பது தெரிந்தேதான் சொன்னாள். "மாட்டேன், மாட்டேன். நான் சும்மா சொன்னேன்."

அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மரத்துப்போயிற்று. ஆண்டி இரண்டு ஆட்களோடு வந்து, நேரமாவுதும்மா, எடும்மா கைய என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார். எடுத்தாள்.

துண்டு விலகாமலே, விரல்கள் பிரியாமலே, ராமாமிர்தம் வாசலைத் தாண்டிப் போனார். கொள்ளிச்சட்டியோடு செல்வன் பத்தடி முன்னால் நடந்தான். கெடிலக்கரைவரை ஒருத்தரும் தோள் மாற்றவில்லை என்று பிறகு சொன்னார்கள். பவானி அழுதாள், வாய்விட்டே அழுதாள். பிடித்துக்கொள்ள ஒருத்தியும் கிட்ட வரவில்லை. நாலு கஜம் தள்ளி நின்ற லோகநாயகி, கொல்லைக் குழாயில் போய்த் தலையோடு குளி, டெட்டால் ஊற்றிக்கொள், கட்டின புடவையை அங்கேயே போட்டுக் கொளுத்து, அப்புறம்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்றாள். மாற்றுப்புடவையைக் கொடிக்கம்பில் மாட்டி நீட்டினாள்.

கொல்லையில் தட்டி மறைப்புக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பவானி குந்தி உட்கார்ந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். விரித்துப் பார்த்தபோது உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு அரிசி ஒட்டியிருந்தது. சிலது ஈரத்தில் வெளுத்து ஊறியிருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கையைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். பிறகு வாய்க்குக் கொண்டுபோனாள்.

பச்சரிசி சுலபத்தில் மசியவில்லை. கடைவாயில் ஒதுக்கி மென்றாள். தட்டிக்கு வெளியே நின்று லோகநாயகி, இன்னும் ஆவலையாடி என்று கேட்டாள். பவானிக்கு வாய் நிறைய இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை.